திருப்பிக் கொடுக்கப் போன நிலம்

நிலம் எடுக்கும் ஆபீசில் பியூனாக இருப்பவன் பத்து ஊருக்கு வேண்டாத மருமகன் மாதிரி. வந்தாலும் முகம் சுளிப்பார்கள், வராவிட்டாலும் என்ன செய்துகொண்டிருக்கிறானோ என்று பயப்படுவார்கள்.

நான் படித்தது ஐந்தாவது வரை. திண்டிவனத்தில் ஒரு தனித் தாசில்தார் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது அணாவும் நயா பைசாவும் கலந்து புழங்கிக்கொண்டிருந்தன. சர்க்காருக்கு ரோடு போடவோ கட்டடம் கட்டவோ நிலம் வேண்டுமென்றால், நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வருவது என் வேலை. ஒரு காக்கிப் பை, ஒரு மைப்பெட்டி, ஒரு கோந்து டப்பா. விழுப்புரம் வரைக்கும் பஸ், அதற்கப்பால் சைக்கிள். உங்களில் யாராவது சம்மனோ நோட்டீஸோ எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களாக இருந்தால், நாய் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டேதான் இதைப் படிப்பீர்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு ஹெட்கிளார்க் இருந்தார். அவர் பெயரை எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஹெட்கிளார்க் என்றே எழுதுகிறேன்.

கைகட்டி நின்ற ஊர்

காணைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் சர்க்கார் விதைப்பண்ணை போடுவதற்கு நிலம் குறித்திருந்தார்கள். பதினோரு குடும்பத்துக்கு நோட்டீஸ். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே யாரோ அந்த ஊரில் சொல்லி வைத்துவிட்டார்கள்: காகிதத்தைக் கையால் தொட்டால்தான் நிலம் போகும், தொடாவிட்டால் சர்க்காரால் ஒன்றும் செய்ய முடியாது என்று. நான் சைக்கிளை விட்டு இறங்கியதும், பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் கயிற்றை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். மாடு பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி நிலக்கடலைச் செடியை மேய்ந்தது. கொல்லைக்காரர் அங்கேதான் நின்றார். வாயால் அதட்டினாரே தவிர, ஓட்டுவதற்குக் கையை எடுக்கவில்லை.

வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, தலையாரியோடு இன்னொருவரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். கையில் கொடுத்ததாகவே கணக்கு. இதை நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் பதினோரு கதவிலும் ஒட்டினேன். கடைசி வீட்டுக்காரர் பெரியவர். நான் கோந்து தடவுவதையே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது:

"நல்லா தடவு தம்பி. நீ எங்க வூட்டுக் கதவுலதானே ஒட்டுற? எங்க கொல்லையில ஒட்டலியே!"

சர்க்காருக்கு என்ன உறவு

அந்தப் பதினொன்றில் ஒன்று அஞ்சலையம்மாளுடையது. புருஷன் இறந்துபோய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஒன்றேகால் காணி, நடுவில் ஒரு கிணறு, வரப்போரம் ஐந்து பனை, இரண்டு புளியமரம். அந்த அம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு போட்டது அதுதான். பக்கத்து ஒன்றேகால் காணி கொழுந்தன் ஏழுமலையுடையது. அது பண்ணை எல்லைக்குள் வரவில்லை.

நஷ்டஈடு விசாரணைக்குத் தாசில்தார் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நிலம் போகாத ஏழுமலைதான் முதல் ஆளாக வந்து நின்றார். கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம். இருவரில் யார் தன் பாகத்தை விற்பதாக இருந்தாலும் முதலில் மற்றவரைக் கேட்க வேண்டும், அவர் வேண்டாமென்ற பிறகுதான் வெளியாருக்கு விற்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. நம் பக்கத்தில் பாதிப் பத்திரங்களில் இந்த வாசகம் இருக்கும். "அண்ணி என்ன ஒரு வார்த்த கேக்காம சர்க்காருக்குக் குடுத்துட்டாங்க" என்று ஏழுமலை பிராது சொன்னார். "நானா குடுத்தேன்? இஸ்துக்கினு போறாங்கடா!" என்று அஞ்சலையம்மாள் கத்தினார். இது விற்பனை இல்லை, சர்க்கார் பொதுக் காரியத்துக்கு எடுத்துக்கொள்வது என்று தாசில்தார் பொறுமையாக விளக்கினார். அந்தத் தாசில்தார் நல்ல மனுஷர். ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"எடுக்கறதுன்னாலும் மொதல்ல பங்காளிக்குக் காட்டணுங்க. சர்க்காரு எங்களுக்கு எந்த வழியில ஒறவு, சொல்லுங்க?"

அந்த ஒரு வரி

பணம் பட்டுவாடா செய்த நாளை நான் மறக்கவில்லை. விழுப்புரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கும் அங்கே நிலம் போயிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி எழுதினார். எதற்கு என்று கேட்டேன். "இத எழுதினாத்தான்யா பின்னால கோர்ட்ல இன்னும் அதிகமா கேக்கலாம். எழுதாம வாங்கினா குடுத்தது போதும்னு அர்த்தம்" என்றார்.

அடுத்து அஞ்சலையம்மாள். நான் ஹெட்கிளார்க்கிடம் குனிந்து, "இந்த அம்மாவுக்கும் அந்த வரிய எழுதிடலாங்களா?" என்று கேட்டேன். "நோட்டீஸ் குடுக்கத்தான் உனக்குச் சம்பளம், யோசனை குடுக்க இல்ல. கையப் புடி" என்றார். நான் கையைப் பிடித்தேன். மையில் ஒற்றி, ரசீதில் அழுத்தினேன். அன்றைக்கு எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அதைச் சொல்லி என்னை நானே எத்தனையோ தடவை சமாதானம் செய்துகொண்டேன்.

வருஷம் ஒன்று போனது. மளிகைக்காரருக்குக் கோர்ட்டில் அதிகம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. அதைக் கேள்விப்பட்டு அஞ்சலையம்மாள் திண்டிவனத்துக்கு வந்தார். ஹெட்கிளார்க் ரசீதை எடுத்துக் காட்டி, ஆட்சேபணை இல்லாமல் வாங்கியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அனுப்பிவிட்டார். வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் என் எதிரே வந்து நின்று, சத்தம் போடாமல் கேட்டார்:

"உனக்குத் தெரியுமா தம்பி அந்த வரி? தெரிஞ்சுக்கினேதான் எங் கையப் புடிச்சியா?"

விட்டுப்போன நிலம்

இந்த உத்தியோகத்தில் எடுத்தாலும் பொல்லாப்பு, எடுக்காவிட்டாலும் பொல்லாப்பு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் ரோடு அகலப்படுத்த நோட்டீஸ் கொண்டுபோனேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் உண்டு, அந்தப் பக்கம் யாருக்கும் இல்லை. அந்தப் பக்கத்துக் கரும்புக்காரர் ஒருவர் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். தனக்கு நோட்டீஸ் இல்லை என்றதும் பையை இரண்டு தடவை பார்க்கச் சொன்னார். எதிர்த்த கொல்லைக்காரருக்கும் அவருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். பார்த்தேன், இல்லை என்றேன். நிலம் தப்பித்ததே என்று சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மனுஷர் முகம் வாடிப்போய்விட்டது.

"அவன் பூமி சர்க்காருக்கு ஒசத்தி, எம் பூமி மட்டமா? யாருய்யா அளந்தது?"

அதே சைக்கிள்

நிலம் எடுத்து மூன்று வருஷம் கழித்து, எங்கள் ஆபீசில் அதுவரை நான் பார்க்காத ஒரு நோட்டீஸ் வந்தது. விதைப்பண்ணைக்கு முன்பக்க நிலமே போதும், பின்பக்கத்துத் துண்டு வேண்டாம் என்று எழுதிவிட்டார்களாம். வேண்டாத நிலத்தைச் சர்க்கார் ஏலம் போடுவதற்கு முன்னால் பழைய உரிமையாளரைக் கேட்க வேண்டும். வாங்கிய நஷ்டஈட்டைத் திருப்பிக் கட்டினால் நிலம் அவருக்கே. ஆனால் முப்பது நாளைக்குள் எழுதிக் கேட்க வேண்டும். தவறினால் ஏலம்தான். பின்பக்கத்துத் துண்டு என்பது அஞ்சலையம்மாளின் ஒன்றேகால் காணி.

அன்றைக்கு நான் சைக்கிளை மிதித்த வேகம் இருக்கிறதே, அப்படி என் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஒருவர் பாக்கியில்லாமல் மறைந்துவிட்டார்கள். குடத்தோடு வந்த பெண் குடத்தோடு திரும்பிப் போனாள். அஞ்சலையம்மாள் அப்போது அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். "எம்மா, உங்க நெலத்தத் திருப்பிக் குடுக்கறாங்கம்மா! இத வாங்கிக்கினு ஒரு கைநாட்டு வைங்க, போதும்" என்று வரப்பில் நின்று கத்தினேன். அந்த அம்மாள் நிமிரவே இல்லை. கைநாட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் முழங்கை வரைக்கும் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டார். பக்கத்தில் களை எடுத்தவர்களும் அப்படியே சுற்றிக்கொண்டார்கள்.

"போன வாட்டியும் நீதான் வந்தே. சைக்கிளும் அதேதான். அன்னிக்கும் கைநாட்டுதான் கேட்டே. ஒயிங்கா போய்ச் சேரு."

ஜல்தியாக முடிகிற வேலை

நாலு தடவை போனேன். ஒரு தடவை பெரிய பெண்ணை விட்டு அம்மா ஊரில் இல்லை என்று சொல்ல வைத்தார். உள்ளே கேப்பை திரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை நாயை அவிழ்த்துவிட்டார்கள். மணியக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதற்கும் அந்த அம்மாள், "அன்னிக்கும் அவருதானே சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாளைத் தப்புச் சொல்ல முடியுமா? சொல்லுங்கள். நாமே கற்றுக்கொடுத்துவிட்டு நாமே குறை சொல்லக் கூடாது.

நாட்கள் ஓடின. முப்பதில் இருபத்தாறு போய்விட்டது. ஹெட்கிளார்க் ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் ஏன் முடியவில்லை என்று கேட்டார். ஒட்டிவிட்டு வந்தால் கொடுத்ததாகக் கணக்கு. அந்த அம்மாளுக்குத் தெரியாமலே கெடு முடிந்துவிடும். நிலம் ஏலத்துக்குப் போகும். நான் இன்னும் ஒரு தடவை நேரில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் மேஜைமேல் இருந்த கோந்து டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"உனக்கு எதுக்குய்யா இந்தப் பேஜாரு? கதவு கீதா, கோந்து கீதா, ஜல்தியா ஒட்டிட்டு வா."

வெள்ளைச் சட்டை

எனக்கு ஒருவர் மேல் கோபம் வந்தால் இருபது வருஷம் ஆனாலும் ஆறாது. என் பெண்டாட்டி பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அதனாலேயே கோபக்காரர்கள் மனசு எனக்குக் கொஞ்சம் தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனேன். ஊருக்குப் போய் அஞ்சலையம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே டீக்கடைக்குப் போனேன். ஏழுமலை அங்கே இருந்தார். ஒரு டீ வாங்கிக்கொண்டு, அவரிடம் குறைப்படுகிற மாதிரி நோட்டீஸை முழுக்கப் படித்தேன். "உங்க அண்ணி வாங்க மாட்டேங்கறாங்க. இன்னும் நாலே நாளு. அப்புறம் ஏலத்துல யாரு வேணா எடுக்கலாம்" என்றேன். "கெணறோடவா?" என்றார் ஏழுமலை. கிணற்றோடுதான் என்றேன். அவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ராத்திரி விழுப்புரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை திண்டிவனத்துக்குப் போக அங்கே பஸ் ஏறினேன். முன் சீட்டில் அஞ்சலையம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு துணிப் பை. சாயங்காலமே ஏழுமலை தகர டப்பாவைத் துடைத்ததும், சலவைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை வாங்கி வந்ததும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதாம். நான் நாலு தடவை சொல்லி நம்பாதவர், கொழுந்தன் சட்டையைப் பார்த்து நம்பிவிட்டார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஏழுமலை மூச்சு வாங்க ஓடி வந்து படியில் கால் வைத்தார். அண்ணியைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து விசாரணைக்கு அப்புறம், மூன்று வருஷம் கழித்து அந்த அம்மாள் அவரோடு பேசியது அப்போதுதான்.

"ஏறு, ஏறு. இன்னாத்துக்கு நிக்கிற? டிக்கெட்டு வேணா நானே எடுக்கறேன். நெலத்த மட்டும் நான்தான் எடுப்பேன்."

இல்லாத மரம்

ஆபீசில் ஏழுமலை பத்திரத்தை நீட்டினார். பழைய உரிமையாளர் உயிரோடு வந்து கேட்கும்போது பங்காளிக்கு வழி இல்லை என்று சொல்லி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமே, இருக்கிறதா என்று ஹெட்கிளார்க் அஞ்சலையம்மாளைக் கேட்டார். இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வருஷமாகக் கூலி வேலை செய்தவர் அல்லவா? அந்த அம்மாள் துணிப் பையிலிருந்து தபாலாபீஸ் புஸ்தகத்தை எடுத்து வைத்தார். கொடுத்த பணம் கொடுத்தபடி இருந்தது. "இதுல கை வெக்கலியாம்மா?" என்று ஹெட்கிளார்க்கே வாய்விட்டுக் கேட்டுவிட்டார். "நான் விக்கலியே. வித்தவ இல்ல காச செலவு பண்ணுவா?" என்றார் அந்த அம்மாள்.

ஹெட்கிளார்க் மனு எழுத ஆரம்பித்தார். நிலத்துக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு, ஐந்து பனைக்கும் இரண்டு புளியமரத்துக்கும் இவ்வளவு. மரத்தையெல்லாம் பண்ணைக்காரர்கள் வெட்டி வருஷக்கணக்கில் ஆகிறது. எழுதி முடித்து மைப்பெட்டியை நகர்த்தினார். அஞ்சலையம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தம்பி, இதுல எழுத வேண்டிய வரி எதுனா கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார். ஆபீசே என்னைப் பார்த்தது. "இருக்குதும்மா. மரத்துக்கான தொகை நீங்கலாகன்னு எழுதச் சொல்லுங்க" என்றேன். ஹெட்கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து தாசில்தார் வெளியே வந்து, என்ன தகராறு என்று கேட்டார். அஞ்சலையம்மாள் எழுந்து நின்று சொன்னார்:

"வெட்டினவங்க மரத்த வெச்சு, பழையபடி வளத்துக் குடுக்கட்டும் சாமி. நானும் காச எண்ணிக் குடுக்கறேன்."

பத்திரப்படி

தாசில்தார் சிரித்துவிட்டு, மரத்துப் பணத்தைத் தள்ளி எழுதச் சொன்னார். அந்த மாசமே என்னை விழுப்புரத்தில் வேறொரு ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். கேட்டால் நிர்வாகக் காரணம் என்றார்கள். அந்தக் காரணம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். பிற்பாடு ஹெட்கிளார்க் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார், நான் போகவில்லை. அவர் ரிடையரான அன்று எல்லாரும் மாலை போட்டார்கள், போகவில்லை. அவர் காலமானார் என்று ஆள் வந்து சொன்னபோது சட்டையை மாட்டினேன், பிறகு கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன்.

மாற்றலாகிப் போவதற்கு முன்னால் நான் செய்த கடைசி வேலை, அளக்கிறவரோடு போய் அந்த நிலத்தை ஒப்படைத்தது. கிணறு பாதி தூர்ந்து கிடந்தது. நிலம் முழுக்கக் கருவேலஞ்செடி. அஞ்சலையம்மாள் ஒரு மூலையிலிருந்து பிடுங்க ஆரம்பித்துவிட்டார். பெண்கள் இரண்டு பேரும் பின்னாலேயே. கைநாட்டு வைக்கக் கூப்பிட்டபோதுகூட, இந்த மூலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். ஏழுமலை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நாலு செடி பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டே, "எது எப்படியோ அண்ணி, நாளைக்கு விக்கறதுன்னா மொதல்ல என்னத்தான் கேக்கணும். பத்திரத்துல கீது" என்றார். அஞ்சலையம்மாள் செடியை வேரோடு உதறிப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"கேக்கறேன்டா. மொதல்ல உன்னத்தான் கேப்பேன். நீ வெலய சொல்லு, நான் முடியாதுன்னு சொல்றேன். அதோட உன் உரிம தீந்துது, போயி அந்தக் கடப்பாறைய எடுத்துக்கினு வா."

இத்தனை வருஷம் காகிதம் சுமந்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒன்றேகால் காணியை எடுப்பதற்கு ஒரு ஆபீசே வேண்டியிருந்தது, திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு பங்காளியின் ஆசை போதுமானதாக இருந்தது.